விசாரணைக்கு முந்திய தீர்ப்பு

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலே ஒரு சிறு வினா எழுந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் பேத்தி, தன் பள்ளியின் ஆங்கிலப் பாடத்தில் வந்த ‘பிரெஜுடிஸ்’ என்னும் சொல்லுக்குத் தமிழ் என்னவென்று கேட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொரு விடை கூறினார்கள். வெறுப்பு என்றான் ஒருவன். பொறாமை என்றாள் ஒருத்தி. சும்மா பிடிக்காமலிருப்பது என்றான் மற்றொருவன். ஆசிரியை அகராதியைப் புரட்டினார். தப்பெண்ணம், பாரபட்சம், முற்சாய்வு, கேடு என்று நான்கு பொருள்கள் அதில் கண்டன. முதல் மூன்றும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. நான்காவதாகக் ‘கேடு’ என்பது எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. அடுத்த வாரம் சொல்வதாக வாக்களித்துவிட்டு வீடு திரும்பினோம்.

தேடிப் பார்த்ததில் கிடைத்தவை சுவையானவை. அவற்றைவிடச் சிந்திக்க வேண்டியவையும் ஆகும். ஊரை விட்டு வந்து அயலார் நடுவே குடித்தனம் செய்யும் நம்மவர், இச்சொல்லின் பொருளை அகராதியின் துணையின்றியே அறிந்தவர்கள். ஆகவே அதன் வரலாற்றையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ரோமாபுரியில் பிறந்த சொல்

ஆங்கிலேயர் இச்சொல்லைப் பிரெஞ்சு மொழியினின்றும் பெற்றனர். பிரெஞ்சுக்காரர் அதை இலத்தீனிலிருந்து பெற்றனர். இலத்தீனில் அதன் வடிவம் ‘பிரேயூடிசியும்’ என்பது. ‘பிரே’ என்றால் முன். ‘யூடிசியும்’ என்றால் தீர்ப்பு அல்லது விசாரணை. எனவே முன்தீர்ப்பு, முன்விசாரணை என்பதே அதன் நேர்ப்பொருள். இன்று இழிசொல்லாக வழங்கும் இது, பிறந்த காலத்தில் இழிசொல்லன்று. மதிப்பு வாய்ந்த சட்டச் சொல்லாகவே அது பிறந்தது.

ரோமானியரின் பழைய வழக்குமுறையில், வாதியும் பிரதிவாதியும் முதலில் பிரேட்டர் என்னும் அதிகாரியின் முன் வருவர். அவர் வழக்கின் சாரத்தைச் சில வாக்கியங்களில் வகுத்து, தீர்ப்புக் கூறவேண்டிய நீதிபதிக்கு அனுப்புவார். அவ்வாசகத்தில் பொதுவாக ஒரு கோரிக்கை இருக்கும். அது மெய்யாயின் பிரதிவாதிக்கு இன்னது விதிக்க, இல்லையேல் அவனை விடுவிக்க என்னும் கட்டளையும் இருக்கும். ஆனால் சில வழக்குகளைத் தொடங்குமுன் ஓர் அடிப்படைச் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இம்மனிதன் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவனா? இப்பெண்ணின் சீதனம் எவ்வளவு? இவற்றை முன்னதாக ஆராய்வதற்கென்று அமைந்த தனி விசாரணையே பிரேயூடிசியும் எனப்பட்டது.

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயஸ் என்னும் சட்ட ஆசிரியர் இதைப் பற்றிக் குறிப்பிடும்போது ஓர் அரிய செய்தியைத் தருகிறார். இத்தகைய முன்விசாரணையின் வாசகத்தில் வினா மட்டுமே உண்டு; தண்டிக்கவோ விடுவிக்கவோ கட்டளையில்லை. காயஸின் இந்நூல் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்து, 1816ஆம் ஆண்டில் இத்தாலியின் வெரோனா நகரிலே, வேறொரு நூல் மேலெழுதப்பட்ட பழைய தோலேடுகளின் அடியில் கண்டெடுக்கப்பட்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இச்செய்தியைப் படித்தபோது சற்றே வியந்து நின்றோம். தொடக்கத்தில் இச்சொல் குறித்தது, தண்டனையற்ற வினாவை. இன்று அது குறிப்பதோ, வினாவற்ற தண்டனையை. ஒரு சொல் தன் பயணத்தில் இவ்வளவு தலைகீழாக மாறுவது அரிது.

கேடு வந்த வழி

மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. ஒரு முன்விசாரணையின் முடிவு பின்னால் வரும் பெரிய வழக்கைப் பாதிக்குமன்றோ? ஒருவன் அடிமையென்று முன்னதாக முடிவாகிவிட்டால், அதன் பிறகு சொத்துரிமை பற்றி அவன் என்ன வாதிட்டும் பயனில்லை. இவ்வாறு முன்தீர்ப்பு என்பது, முன்தீர்ப்பினால் ஒருவனுக்கு நேரும் பாதகம் என்னும் பொருளையும் இலத்தீனிலேயே பெற்றுவிட்டது. 1300ஆம் ஆண்டையொட்டி இச்சொல் ஆங்கிலத்திற் புகுந்தபோது, தீங்கு, பாதகம் என்னும் பொருள்களே அதனிடம் மேலோங்கி நின்றன. ஆராயாமல் முன்னதாகவே கொண்ட கருத்து என்னும் பொருள் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றலாயிற்று. பேத்தியின் அகராதியில் ‘கேடு’ வந்து உட்கார்ந்த காரணம் இதுதான்.

நம் வீடுகளுக்கு வரும் வக்கீல் கடிதங்களின் தலைப்பில் இப்பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று எழுதியிருப்பதை அன்பர்கள் பார்த்திருக்கலாம். தப்பெண்ணமின்றி எழுதுகிறோம் என்று அதற்குப் பொருள் கொள்வோர் உண்டு, அது பிழை. எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி என்பதே பொருள். வழக்கைச் சமரசமாக முடிக்கும் எண்ணத்தில் ஒருவர் எழுதுவதைப் பின்னால் அவருக்கு எதிராகவே சாட்சியமாக்கிவிடக் கூடாது என்பது அதன் கருத்து. அவ்வகை நிபந்தனையோடு செய்த ஒப்புதலுக்கு 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் காப்பளித்தது; 2024 ஜூலை முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அக்காப்பை விட்டுவிடவில்லை.

பொதுமக்கள் நாவில் இச்சொல்லை நிலைநாட்டியதில் ஒரு நாவலுக்கும் பங்குண்டு. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நம் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. அவ்வம்மையார் அக்கதையை முதலில் எழுதியபோது அதற்கு இட்டிருந்த பெயர் வேறு. ‘முதற் காட்சியில் தோன்றும் எண்ணங்கள்’ என்று பொருள்படும் பெயர் அது. முதலில் தோன்றும் எண்ணம் கெட்டிப்பட்டுவிட்டால் என்னவாகும் என்பதற்கு அவ்விரு தலைப்புகளே விளக்கமாகும்.

சாய்ந்து உருளும் பந்து

இதே குடும்பத்தில் ‘பயஸ்’ என்று மற்றொரு சொல்லும் உண்டு. சரிவு, கோணல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழியே பதினாறாம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்திற்கு வந்தது. அதற்கு விரிந்த பொருளைத் தந்தது ஒரு விளையாட்டு. புல்தரையில் பந்தை உருட்டி ஆடும் பௌல்ஸ் என்னும் ஆட்டத்தில், பந்தின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தினும் கனமாக இருக்கும்படி செய்வார்கள். பிற்காலத்தில் பந்தின் வடிவத்தையே சற்றுக் கோணலாக அமைத்தார்கள். நேராக உருட்டினாலும் அப்பந்து வளைந்தே ஓடும். அவ்வளைவுக்குத்தான் ‘பயஸ்’ என்று பெயர். அதிலிருந்தே மனத்தின் சாய்வுக்கும் அப்பெயர் ஏற்பட்டது.

இவ்வாட்டத்தை நாம் அறியாத ஒன்று என்று எண்ண வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் நடந்த காமன்வெல்த் போட்டியில், நால்வர் ஆடும் பெண்கள் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றது நம் நாட்டு அணியே. ஜார்க்கண்டைச் சேர்ந்தவர் இருவர், அஸ்ஸாமியர் ஒருவர், தில்லிக்காரர் ஒருவர் என்று அமைந்த அணி அது. தேர்ந்த ஆட்டக்காரர் பந்தின் கோணலை நீக்க முயல்வதில்லை. கோணல் எவ்வளவு என்று அறிந்து, அதற்கேற்பத் தம் கையைத் திருத்திக்கொள்கிறார். மனக்கோணல் உடையோருக்கு, அதாவது நம் எல்லோருக்கும், இதிலே பாடமுண்டு.

நம் மொழி சொல்வது

நம் முன்னோர்கள் இதே உவமையைத் தாமாகவே கண்டிருக்கிறார்கள். ஒரு பக்கமாகப் பேசுவதை ‘ஓரஞ் சொல்லுதல்’ என்கிறோம். பங்கீட்டில் நேர்மை தவறுவதை ‘ஓரவஞ்சனை’ என்கிறோம். மனம் நேர்மையினின்றும் வளைவதைக் ‘கோட்டம்’ என்றனர் பழந்தமிழர். வடமொழியிலிருந்து வந்த பட்சபாதம் என்னும் சொல்லும் ஒரு பக்கம் விழுவதையே குறிக்கிறது. திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரமான நடுவுநிலைமையில் வள்ளுவர் எடுத்துக்காட்டுவது துலாக்கோலை. பொருளை நிறுக்குமுன் தான் நேராக நிற்பதே அதன் சிறப்பு.

எனினும் ‘பயஸ்’ என்பதற்கு நம்மிடம் சொல் இருக்குமளவு, ‘பிரெஜுடிஸ்’ என்பதற்கு ஒரே சொல் அமையவில்லை. தப்பெண்ணம் என்பது எண்ணம் தவறானது என்று மட்டும் சொல்கிறது. அது விசாரணைக்கு முன்பே முடிந்துபோனது என்று சொல்வதில்லை. முன்முடிவு என்று இக்காலத்தார் எழுதுவது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அதிலே ‘முன்’ என்பதும் இருக்கிறது, ‘முடிவு’ என்பதும் இருக்கிறது. பேத்திக்கு அதையே சொன்னோம்.

எல்லா முன்னெண்ணமும் தீதோ?

இங்கே ஒரு தடை எழும். முன்னெண்ணமே இல்லாமல் வாழ்வது எங்ஙனம்? அடுப்பிலிருக்கும் பாத்திரம் சுடும் என்று தொட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டுமா? ஆங்கிலப் பாராளுமன்றத்தின் பெரும் பேச்சாளர் எட்மண்ட் பர்க், பிரெஞ்சுப் புரட்சியைக் குறித்து 1790இல் எழுதிய நூலில் பிரெஜுடிசைப் புகழ்ந்தே எழுதினார். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு வழக்கமாக உறைந்து கிடப்பதே அது, அவசர வேளையில் மனிதனுக்குக் கைகொடுப்பதும் அதுவே என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. பாட்டி சொன்ன பத்தியத்தை நாம் ஆராய்ந்தா கைக்கொண்டோம்?

இதற்கு விடை கூறியவர் அமெரிக்க உளவியல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட். ‘தி நேச்சர் ஆஃப் பிரெஜுடிஸ்’ என்று 1954இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் முதல் நூலாகக் கருதப்படுகிறது. முன்னெண்ணம் யாவருக்கும் உண்டு, அது குற்றமன்று என்கிறார் அவர். புதிய செய்தி எதிரே வந்து நிற்கும்போது அவ்வெண்ணம் மாறுகிறதா, மாற மறுக்கிறதா என்பதே கேள்வி. மாறுமாயின் அது வெறும் பிழை. மாற மறுக்குமாயின் அதுவே பிரெஜுடிஸ். பாத்திரம் ஆறிவிட்டது என்று தெரிந்த பின்னும் அதைத் தொட மாட்டேன் என்பவனை என்னவென்பது?

நம் வாயிற்படியில் நடந்தவை

இனி நம் கதையைச் சொல்லலாம். 1974ஆம் ஆண்டில் வேலைக்கென்று தில்லிக்கு வந்த நாம், கரோல்பாக் வட்டாரத்தில் ஓர் அறை தேடி அலைந்தோம். ஒரு வீட்டில் அம்மையார் கதவைத் திறந்தார். பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. “மதராஸியா? ஆட்டுக்கல்லை உருட்டி உருட்டியே என் தளத்தை விரிசல் விடச் செய்வீர்கள்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். நம்மிடம் அன்று இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கூஜாவும்தான். ஆட்டுக்கல் இல்லை, அதை ஆட்டுவதற்கு மனைவியும் இன்னும் வாய்க்கவில்லை. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தும், தெற்கிலிருந்து வந்த யாவரும் அவருக்கு மதராஸிகளே. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைக் கண்ட நம்மவரோடு ஒப்பிட்டால் நம் அனுபவம் அற்பமானது. ஆயினும் சாத்திய கதவின் ஓசை இன்றும் காதில் நிற்கிறது.

இக்கதையை நாம் பல ஆண்டுகளாகப் பலரிடம் சொல்லி அனுதாபம் பெற்றிருக்கிறோம். அடுத்த கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் குடியிருப்பின் மேல்தளத்து வீட்டை மணிப்பூரைச் சேர்ந்த இரு இளம்பெண்களுக்கு வாடகைக்கு விட வீட்டுக்காரர் எண்ணினார். ஒரு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்ப்பவர்கள் என்றார். குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. அவர்கள் சமையலின் வாடை படியெல்லாம் வீசும் என்றார் ஒருவர். வேளைகெட்ட வேளையில் வருவார்கள் போவார்கள் என்றார் மற்றொருவர். ஆட்சேபக் கடிதம் ஒன்று சுற்றிவந்தது. நாமும் கையெழுத்திட்டோம்.

அன்று மாலை பேத்தி கேட்டாள்: “தாத்தா, அந்த அக்காக்களை நீங்கள் பார்த்துப் பேசினீர்களா?” இல்லை என்றோம். “பிறகு எப்படித் தெரியும்?” என்றாள். செவிலியர் இரவு வேலை முடித்து வேளைகெட்ட வேளையில் வராமல் வேறு எப்போது வருவார்கள் என்பதும், நம் வீட்டுப் பெருங்காயத்தின் மணமும் படியிறங்கித்தான் போகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தன. மறுநாள் வீட்டுக்காரரிடம் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லப் போனோம். அவர்களுக்கு முதல் நாளே இல்லையென்று சொல்லிவிட்டதாக அவர் கூறினார். வீடு நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது.

இதைச் சிறு செய்தியென்று ஒதுக்க முடியவில்லை. 2014 ஜனவரியில், இதே தில்லியில், அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த மாணவர் ஒருவரின் தோற்றத்தைக் கடைத்தெருவிலே சிலர் கேலி செய்தனர். அது வாய்ச்சண்டையாகி, அடியாகி, அவர் உயிரையே கொண்டுபோயிற்று. அதன் பின்னர் வடகிழக்கு மக்களின் குறைகளை ஆராய மத்திய அரசு பெஸ்பருவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. கேலி செய்தவர்கள் கொலை செய்ய எண்ணி வந்தவர்களல்லர். ஆல்போர்ட் இதை ஒரு படிக்கட்டாகக் காட்டுகிறார். முதற்படி, வாயால் இழித்துப் பேசுதல், அடுத்தது, விலகி ஒதுங்குதல், பின்னர் உரிமை மறுத்தல், பின்னர் கைநீட்டுதல், கடைசியாக அழித்தல். கூட்டத்தில் பேசியவர்கள் முதற்படியில் நின்றார்கள். கையெழுத்திட்ட நாமோ மூன்றாம் படிக்கே ஏறிவிட்டோம்.

நம் தாயகமும் இதற்கு விலக்கன்று. 2023 மார்ச்சில், பீகாரிலிருந்து தமிழ்நாட்டிற்கு வந்த தொழிலாளர்கள் அங்கே தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவின. வேறிடங்களில் வேறு காரணங்களால் நிகழ்ந்தவற்றின் படங்கள் அவை. தமிழகக் காவல்துறை மறுத்து வழக்குப் பதிந்தது. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி நேரில் விசாரித்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் அஞ்சி நடுங்கிவிட்டன. ஒரு நாட்டார் இன்னது செய்வார்கள் என்று மனத்திலே தீர்ப்பு ஏற்கனவே எழுதியிருந்தபடியால், சாட்சியைச் சோதிக்க வேண்டுமென்று பலருக்குத் தோன்றவில்லை. வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்களை நம் ஊரில் சிலர் ஒரே பெயரிட்டு அழைப்பதும், நம்மை இங்கே மதராஸி என்பதும் ஒரே துணியின் இரு பக்கங்களே.

செய்யத்தக்கது

இதற்கு மருந்து உண்டா? பழகுதலே மருந்து என்பர். ஆனால் வெறும் பழக்கம் போதாது என்று ஆல்போர்ட் எச்சரிக்கிறார். வேலைக்காரியோடு தினமும் பேசுவதால் மட்டும் யாருடைய எண்ணமும் மாறிவிடுவதில்லை. இரு தரத்தாரும் சமமாக நிற்க வேண்டும். பொதுவான நோக்கம் ஒன்று இருக்க வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். பெரியோரும் சட்டமும் அதற்குத் துணைநிற்க வேண்டும். குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைச் சேர்ந்து பழுதுபார்க்கும் ஒரு நாள், ஓராண்டுப் புன்சிரிப்பை விடப் பயன் தரும். நம் பொங்கல் விழாவுக்கு அண்டை வீட்டாரைச் சாப்பிட மட்டும் அழைக்காமல், ஏற்பாட்டுக் குழுவிலேயே சேர்த்துக்கொள்ளலாமே என்று நம் சங்கத்தாரை வேண்டுகிறோம்.

அந்த ரோமானியரின் பழைய முறையையும் வீட்டிற்குள் கொண்டுவரலாம். அயலாரைப் பற்றிய தீர்ப்பொன்று நாவின் நுனியில் வந்து நிற்கும்போது, அதிலிருந்து தண்டனையைக் கழித்துவிட்டு வினாவை மட்டும் வைத்துக்கொள்வோம். இவர் யார்? நாம் இவரோடு பேசியதுண்டா? கேட்டதைச் சொன்னவர் கண்ணால் கண்டாரா?

அந்த இரு பெண்களும் நல்ல அண்டை வீட்டாராக இருந்திருப்பார்களா, அல்லர் என்றிருப்பார்களா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. அவர்கள் பெயரும் தெரியாது. விசாரணை நடவாத வழக்கிலே உண்மை வெளிப்படுவதில்லை. பேத்தியின் அகராதியில் ‘கேடு’ என்று எழுதியிருந்தது சரிதான். அக்கேட்டில் பெரும்பங்கு அவர்களுக்கு நேர்ந்தது. ஒரு பங்கு நமக்கும் நேர்ந்தது.